மலத்தில் இரத்தமா? மறைக்காதீர்கள்!

குடல் கிருமிகளும் குட்டி ஆர்.என்.ஏ.க்களும் சொல்லும் பாடம்



இந்த முறை சொல்லப்போகும் விஷயம் கொஞ்சம் கூச்சமானது. சாப்பாட்டு நேரத்தில் படிக்க வேண்டாம். ஆனால் படிக்காமலும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் 50 வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

2016-ஆம் ஆண்டில் நடந்தது. செம்பனையில் பழம் வெட்டும் ஓர் அண்ணன், வயது 53, என்னிடம் வந்தார். "டிரசர் ஐயா, வெளிக்குப் போகும்போது கொஞ்சம் இரத்தம் படுது. மூலம்தான். எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு. அந்த டியூப் மருந்து ஒண்ணு குடுங்க" என்றார். கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தார். மறுபடியும் கொடுத்தேன். மூன்றாம் முறை அவர் வரவில்லை, மனைவியை அனுப்பினார். அப்போதும் கொடுத்தேன். எட்டாவது மாதம் ஆள் பாதியாக இளைத்து, முகம் வெளுத்து வந்து நின்றார். அன்றுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன். பெருங்குடல் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

"நீங்க மருந்து குடுத்தீங்களேன்னுதானய்யா நாங்க சும்மா இருந்தோம்" என்று அவர் மனைவி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. அன்று நான் செய்தது தவறு. அந்தத் தவறை நானும் இனிச் செய்யக்கூடாது, நீங்களும் செய்ய வைக்கக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நம் நாட்டு நிலவரம்

மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 2012 முதல் 2016 வரையிலான கணக்கை வெளியிட்டிருக்கிறது. ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்தான் முதலிடம். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து இரண்டாமிடம். இதைவிட வருத்தமான செய்தி என்னவென்றால், இந்த நோய் கண்டவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் மூன்றாம் கட்டத்திலோ நான்காம் கட்டத்திலோதான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் இது மெதுவாக வளரும் நோய். குடலின் உள்சுவரில் பாலிப் என்னும் சிறு சதை மொட்டு முளைத்து, அது புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து வருடம் வரை ஆகிறது. மொட்டாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் அது புற்றாக மாறவே வழியில்லை.

அந்தப் பத்து வருடமும் குடலுக்குள் என்னதான் நடக்கிறது? அண்மைக் கால ஆராய்ச்சி இதில் பல புதிய விஷயங்களைக் காட்டியிருக்கிறது.

வயிற்றுக்குள் குடியிருப்போர்

நம் பெருங்குடல் ஏறக்குறைய ஐந்தடி நீளம். அதற்குள் கோடானுகோடிக் கிருமிகள் குடியிருக்கின்றன. ஒரு மனிதன் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடிக் கிருமிகள் இருப்பதாக 2016-ல் கணக்கிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் இருக்கின்றன. கிருமி என்றதும் அருவருப்படைய வேண்டாம். இவற்றில் பெரும்பங்கு நமக்கு வேண்டியவை. நாம் சாப்பிடும் கீரை, பருப்பு, கிழங்கு ஆகியவற்றில் செரிக்காமல் மிஞ்சும் நாரைத் தின்று, பியூட்டிரேட் என்னும் ஒரு பொருளைத் தயாரித்துக் கொடுக்கின்றன. குடல் சுவருக்கு அதுதான் முக்கியமான ஆகாரம். அது குடல் புண்ணாகாமலும் காக்கிறது.

எல்லாரும் நல்லவர்களாக இருக்கும் லயத்தில் ஒரு ரௌடி வந்து குடியேறினால் என்ன ஆகும்? குடலிலும் அப்படித்தான். 2012-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே ஒரே செய்தியை வெளியிட்டன. பெருங்குடல் புற்றுக்கட்டியில், பக்கத்து நல்ல சதையில் இருப்பதைவிட ஃபூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற கிருமி அதிகமாகக் காணப்பட்டது. இதன் சொந்த ஊர் குடல் அல்ல, வாய். பல் ஈறில் படியும் அழுக்கில் வாழ்வது. கட்டுரையில் இனி இதைச் சுருக்கமாக ஃபூசோ என்றே சொல்கிறேன்.

குட்டி ஆர்.என்.ஏ. என்றால் என்ன?

நம் தோட்ட ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. அது ஆபீசை விட்டு வெளியே வராது. கிராணியார் அதைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தருகிறார். சீட்டை ஸ்டோரில் கொடுத்தால் உரம் கிடைக்கும், கத்தி கிடைக்கும். சீட்டு இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காது.

நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவும் இப்படித்தான் நடக்கிறது. பெரிய புத்தகம் டி.என்.ஏ. துண்டுச் சீட்டு ஆர்.என்.ஏ. ஸ்டோரிலிருந்து வெளியே வரும் சாமான்தான் புரதம். உயிரணுவின் பெரும்பாலான வேலைகளைப் புரதங்களே செய்கின்றன.

இதில் இன்னொரு ஆள் உண்டு. ஆபீசுக்கும் ஸ்டோருக்கும் நடுவழியில் நின்று சில சீட்டுகளைப் பிடித்துக் கிழித்துப்போடுகிறவர். அவர்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் குட்டி ஆர்.என்.ஏ. சாதாரணச் சீட்டில் ஆயிரக்கணக்கான எழுத்துகள் இருந்தால் இவருக்கு ஏறக்குறைய 22 எழுத்துகள்தான். சீட்டைக் கிழிப்பவர் என்றதும் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் இல்லையென்றால் ஒரே உரத்துக்குப் பத்துச் சீட்டு போய் மரமே கருகிவிடும். அளவாகக் கிழித்தால் ஒழுங்கு, அளவு மீறினால் குழப்பம்.

இந்தக் குட்டி ஆர்.என்.ஏ.வை முதன்முதலில் கண்டது மனிதனிடத்தில் அல்ல. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உருளைப் புழுவில் விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ரவ்கனும் 1993-ல் கண்டு சொன்னார்கள். புழுவோடு போகட்டும் என்று அப்போது பலரும் அலட்சியமாக இருந்தார்கள். இன்று மனிதனிடமே ஆயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் தெரிந்திருக்கின்றன. 2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இந்த இருவருக்கும்தான் கிடைத்தது.

கிருமி சீட்டைக் கிழிக்க வைக்கும் விதம்

இனி இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். 2017-ல் சீனாவின் ஷாங்காய் நகர ஆராய்ச்சியாளர்கள் குடல் உயிரணுக்களோடு ஃபூசோவைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கிருமி உயிரணுவின் வெளிச்சுவரில் இருக்கும் அபாய மணியை அடிக்கிறது. மணி அடித்ததும் உள்ளே 21-ஆம் எண் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏராளமாக உற்பத்தியாகிறது. அது எந்தச் சீட்டைக் கிழிக்கிறது தெரியுமா? "வளர்ந்தது போதும், நிறுத்து" என்று சொல்லும் ஒரு புரதத்தின் சீட்டை. லாரிக்கு பிரேக் எப்படியோ அப்படித்தான் உயிரணுவுக்கு அந்தப் புரதம். பிரேக் அறுந்த லாரி மேட்டிலிருந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எலிகளிலும் இதே பலன் தெரிந்தது. நோயாளிகளைப் பார்த்தபோது, கட்டியில் ஃபூசோவும் 21-ஆம் எண்ணும் சேர்ந்து அதிகமாக இருந்தவர்களின் கதி மோசமாகவே இருந்தது.

அதே ஆண்டு அதே நகரத்தில் மற்றொரு குழு இன்னொன்றைக் கண்டது. சிலருக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றியும் நோய் திரும்பி வருகிறதே, ஏன்? ஃபூசோ இருக்கும் இடத்தில் இரண்டு குட்டி ஆர்.என்.ஏ.க்கள் குறைந்துபோகின்றன. இங்கே சீட்டைக் கிழிக்க ஆளில்லாமல் போகிறது. அதனால் புற்று உயிரணு தன் பழைய சாமான்களையே தின்று உயிர் பிழைக்கும் வேலையைத் தாராளமாகச் செய்கிறது. மருந்து அதைக் கொல்ல முடியாமல் தோற்கிறது.

ஆக, ஒரே கிருமி ஓரிடத்தில் குட்டி ஆர்.என்.ஏ.வைக் கூட்டுகிறது, மற்றோரிடத்தில் குறைக்கிறது. இரண்டிலும் லாபம் புற்றுக்கே.

குடலும் திருப்பிப் பேசுகிறது

இது ஒருவழிப் பாதையும் அல்ல. அமெரிக்காவின் போஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். குடல் சுவர் தன் குட்டி ஆர்.என்.ஏ.க்களை வெளியே மலத்துக்குள் விடுகிறது. அவை கிருமிகளின் உள்ளேயே புகுந்து, சிலவற்றின் வளர்ச்சியை மாற்றுகின்றன. குடல் சுவரில் குட்டி ஆர்.என்.ஏ. உண்டாகாதபடி செய்த எலிகளுக்குக் கிருமிக் கூட்டம் நிலைகுலைந்தது, குடல் புண்ணும் அதிகமானது. நல்ல எலியின் மலத்திலிருந்து எடுத்த குட்டி ஆர்.என்.ஏ.வைக் கொடுத்ததும் நிலைமை தேறியது.

வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒருவரையொருவர் அடக்கி வைத்திருக்கும்வரை குடல் நலமாக இருக்கிறது. அந்தக் கட்டு குலைந்தால் வருடக் கணக்கில் சேதம் சேர்கிறது.

ஒன்றை மறக்கக்கூடாது. ஃபூசோ மட்டுமே காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் சுமார் 200 பேரின் கட்டிகளைச் சோதித்தார்கள். ஃபூசோவில் ஒரு குறிப்பிட்ட உட்பிரிவு ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் இருந்தது. மீதிப் பாதியில் இல்லை. ஈ-கோலை என்னும் குடல் கிருமியில் ஒரு வகை, கோலிபாக்டின் என்ற விஷத்தைச் சுரந்து டி.என்.ஏ. புத்தகத்தையே கெடுக்கிறது. 11 நாடுகளைச் சேர்ந்த 981 கட்டிகளை ஆராய்ந்து 2025-ல் வெளியிட்டார்கள். 70 வயதுக்கு மேல் நோய் கண்டவர்களைவிட, 40 வயதுக்குள் நோய் கண்டவர்களிடம் அந்த விஷத்தின் தழும்பு 3.3 மடங்கு அதிகம். ஆகவே "வயசானவங்க வியாதி, நமக்கென்ன" என்று இளையவர்களும் இருந்துவிட முடியாது.

சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது பாதி

கிருமிகளை மாற்ற நம் கையில் இருக்கும் வழி சாப்பாடு. 2015-ல் வெளிவந்த ஒரு சோதனையைக் கேளுங்கள். அமெரிக்காவில் வாழும் கறுப்பினத்தவர் 20 பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேர். முன்னவர்களுக்கு இந்த நோய் அதிகம், பின்னவர்களுக்கு மிகக் குறைவு. இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்தார்கள். கிராமத்தாரின் நார்ச்சத்து நிறைந்த உணவு அமெரிக்கருக்கு, கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த அமெரிக்கச் சாப்பாடு கிராமத்தாருக்கு. பதினான்கே நாளில் அமெரிக்கர் குடலில் நான் முன்பு சொன்ன பியூட்டிரேட் இரண்டரை மடங்கு கூடியது. கிராமத்தாருக்குப் பாதியாகக் குறைந்தது. குடல் சுவரின் அழற்சியும் அதற்கேற்ப இறங்கி ஏறியது.

நம் பாட்டிமார் கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் மரவள்ளிக் கிழங்கும் சாப்பிட்டார்கள். அது வறுமைச் சாப்பாடு என்று நாம் ஒதுக்கிவிட்டோம். இன்று காலையில் ரொட்டி சானாய், இனிப்புத் தேநீர், மாலையில் பாசார் மாலாம் சாசேஜ், நகெட் என்று ஆகிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015-ல் சாசேஜ், ஹேம் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் வீதம் சாப்பிட்டு வந்தால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. 50 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு சாசேஜ்.

எனவே செய்ய வேண்டியவை:

1. பருப்பு, பயறு, கொண்டைக்கடலை ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும்.
2. வீட்டுக் கொல்லையில் கீரை, காங்கோங், முருங்கை போடுங்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள்.
3. சாசேஜ், நகெட் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குத் தினச் சாப்பாடாக்காதீர்கள்.
4. மதுவும் சிகரெட்டும் இந்த நோய்க்கும் காரணம். விட முடிந்தால் விடுங்கள், முடியாவிட்டால் வந்து பேசுங்கள்.
5. இருவேளை பல் துலக்குங்கள். ஈறில் இரத்தம் வடிந்தால் பல் டாக்டரைப் பாருங்கள். பல் துலக்கினால் புற்றுநோய் வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஃபூசோவின் வீடு அங்கேதான் இருக்கிறது.

என்னிடம் கேட்கும் கேள்விகள்

"கிருமிதானே? ஆண்டிபயாடிக் போட்டுக் கொன்னுடலாமே?" எலிகளுக்குப் பொருத்திய மனிதக் கட்டியில் ஃபூசோவை மருந்தால் அடக்கியபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது உண்மை. அது 2017-ல் கண்டது. ஆனால் அந்த மாதிரி மருந்து நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொல்லும். தானாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

"புற்றுநோய்க்காரர் தட்டில் சாப்பிட்டா ஒட்டுமா?" ஒட்டாது. தயவுசெய்து நோயாளியை ஒதுக்கி வைக்காதீர்கள்.

"குடல் சுத்தம் பண்ற பவுடர் விக்கிறாங்களே?" அந்தக் காசுக்குப் பருப்பு வாங்குங்கள். எந்தப் பவுடரும் பாலிப்பைக் கரைக்காது.

"குட்டி ஆர்.என்.ஏ.வைப் பாத்தே நோயைக் கண்டுபிடிக்க முடியாதா?" நல்ல கேள்வி. ஹாங்காங்கில் 2009-ல், இந்த நோயாளிகளின் இரத்தத்தில் இரண்டு வகைக் குட்டி ஆர்.என்.ஏ.க்கள் கூடியிருப்பதையும், ஆப்பரேஷனுக்குப் பின் அவை குறைவதையும் கண்டார்கள். அந்த ஆராய்ச்சி தொடர்கிறது. நமக்கு இன்றே கைக்கெட்டும் சோதனை ஒன்று இருக்கிறது.

சோதனை எளிது

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில், அதாவது கிளினிக் கெசிஹாத்தானில், 50 முதல் 75 வயது வரை, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இரத்தமும் அதில் தெரிந்துவிடும். சிறு குப்பியும் குச்சியும் தருவார்கள். மலம் கழிப்பறைத் தண்ணீரில் விழாமல் காகிதத்தில் பிடித்து, குச்சியால் பல இடங்களில் தொட்டு, குப்பிக்குள் போட்டு மூடிக் கொடுத்தால் முடிந்தது வேலை. சிறுநீர் கலக்க வேண்டாம். மாதவிலக்கு நாளில் எடுக்க வேண்டாம்.

இரத்தம் இருக்கிறது என்று வந்தால் உடனே புற்றுநோய் என்று அழ வேண்டாம். அப்படி வருபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் அடுத்த சோதனைக்குக் கட்டாயம் போக வேண்டும். கொலனோஸ்கோப்பி என்பது சிறு கேமராக் குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்ப்பது. பாலிப் இருந்தால் அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள். இரத்தம் இல்லை என்று வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். மறுபடி எப்போது வர வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால் 50 வயது வரை காத்திருக்க வேண்டாம். 40 ஆகும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வயதையும் பார்க்க வேண்டாம், குப்பியையும் தேட வேண்டாம். நேரே டாக்டரைப் பாருங்கள்:

மலத்தில் இரத்தம், அல்லது தார் போன்ற கறுப்பு மலம். சில வாரங்களாக மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருவது. போய் வந்தும் இன்னும் இருப்பது போன்ற உணர்வு. காரணமில்லாமல் உடம்பு இளைப்பது. ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரத்தசோகை. விடாத வயிற்று வலி.

மூலம் இருக்கிறவருக்குப் புற்றுநோய் வராது என்று சட்டம் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்கலாம். வெளியே பார்த்து எது என்று சொல்ல என்னாலும் முடியாது, உங்களாலும் முடியாது.

"நாள் சம்பளம் போகுமே!"

இதுதான் பல தோழர்களைத் தடுக்கிறது என்று எனக்குத் தெரியும். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு வருடம் 14 நாள். இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள். ஐந்து வருடமும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக்கணக்கு. சாதாரண நோய் விடுப்பை அதில் கழிக்கக்கூடாது. இது யாரும் போடும் பிச்சையல்ல, உங்கள் உரிமை. தகராறு வந்தால் உங்கள் தோட்டக் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

தோழர்களே! இப்போது என் மேசையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இரத்தம் என்று வருபவருக்கு டியூப் மருந்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதமும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன். "மூலம்தான் ஐயா, கடுதாசி எதுக்கு?" என்று சிலர் கோபிக்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். மூலமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் போனாலும் மனம் நிம்மதியாகத் திரும்பி வரலாம்.

உங்கள் தோட்டத்தில் யாராவது கடிதம் தராமல் மருந்தை மட்டும் நீட்டினால், நீங்களே கேட்டு வாங்குங்கள். கூச்சம் ஒரு நிமிடம்தான். அந்த அண்ணன் என்னிடம் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.